வெற்றிடம் என்று பெயர். விளைச்சலோ அதன் கையில்!

நீங்கள் பால் மரம் வெட்டியவரா? இல்லையென்றால் உங்கள் தாயோ தகப்பனோ, தாத்தாவோ பாட்டியோ வெட்டியிருப்பார்கள். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கின் ஒளியில் நிரைக்குள் நுழைந்த கதை நம் குடும்பங்களில் பலவற்றுக்கும் சொந்தக் கதை. இன்று நகரத்து அடுக்கு மாடி வீட்டில் குடியிருந்தாலும், அந்தப் பால் வாடையை மறந்தவர் நம்மில் எத்தனை பேர்?

சூரியன் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும். இது பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத பாட்டிக்கும் தெரியும். ஆனால் ஏன் குறைகிறது? வெட்டிய மரம் சில மணி நேரம் சொட்டிவிட்டு, யாரும் அடைக்காமலே நின்றுவிடுகிறதே, அதை நிறுத்துவது யார்? மங்கில் தங்கிய பால் மறுநாள் கட்டிப்பாலாகக் கிடக்கிறதே, அதில் ஆசிட் ஊற்றியது யார்?

இந்த மூன்று கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது. அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பை. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர்தான் வேடிக்கையானது. ‘வெற்றிடம்’ என்று பொருள்படும்படி ‘வாக்குவோல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்! அந்தக் காலத்து நுண்பெருக்காடியில் பார்த்தபோது, உயிரணுவுக்குள் அது ஒன்றுமில்லாத ஓட்டை போலத் தெரிந்தது. அதனால் வந்த பெயர் இது. உண்மையில் அந்த ஓட்டை நிறையச் சாறு இருக்கிறது. ஆகவே நாம் இங்கே அதைச் ‘சாற்றுப்பை’ என்றே சொல்வோம்.

வீடு முழுவதும் ஒரே பானை

எல்லா உயிர்களும் உயிரணுக்களால் ஆனவை என்பதை உங்கள் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். வளர்ந்து முதிர்ந்த ஒரு தாவர உயிரணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவில் 80, 90 விழுக்காட்டைக்கூட ஒரே ஒரு சாற்றுப்பை அடைத்துக்கொண்டிருக்கும். லயத்து வீட்டின் நடுவே ஒரு பெரிய தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு வாழ்வதைப் போல!

அந்தப் பானையில் வெறும் தண்ணீர் மட்டும் இல்லை. உப்புகள், சர்க்கரை, புளிப்புப் பொருள்கள், நிறங்கள், நஞ்சுகள், கழிவுகள் எல்லாம் அதில் கரைந்திருக்கும். கரைந்த பொருள் மிகுந்த இடத்தை நோக்கித் தண்ணீர் தானாக ஓடிவரும். அதனால் சாற்றுப்பை தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. உப்பி உயிரணுவின் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. காற்றடைத்த சைக்கிள் டியூப் விறைத்து நிற்பது போல் உயிரணுவும் விறைத்து நிற்கிறது. மரக்கட்டை இல்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த விறைப்பினால்தான்.

தாய்மார்களே, வாடிய கீரையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மீண்டும் தழைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். காலியான பானைகள் நிரம்புகின்றன, அவ்வளவுதான். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவினால் தண்ணீர் விட்டுச் சுருங்குவதையும் பார்த்திருக்கிறீர்கள். அங்கே உப்பு வெளியில் மிகுந்துவிட்டது. பானைத் தண்ணீர் வெளியே ஓடிவிட்டது. ஊறுகாய் போடத் தெரிந்தவர்களுக்குச் சாற்றுப்பையின் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்!

விடியற்காலையின் இரகசியம்

இப்போது நிரைக்கு வருவோம். ரப்பர் மரத்தின் பால், மரக்கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. நீளவாக்கில் அடுக்கப்பட்ட உயிரணுக்கள், இடையிலுள்ள சுவர்கள் கரைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய குழாய்களாகிவிடுகின்றன. இவைதான் பால் குழாய்கள். இவை நேர் செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போக வலப்பக்கம் சற்றே சாய்கின்றன. அதனால்தான் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி வெட்டச் சொன்னார்கள். அப்படி வெட்டினால் ஒரே வெட்டில் அதிகக் குழாய்கள் அறுபடும்.

இரவில் இலைகளின் துளைகள் மூடிக்கிடக்கும். வேரோ தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் பட்டையிலுள்ள உயிரணுக்களின் சாற்றுப்பைகளெல்லாம் நிரம்பி, ஒன்றையொன்று நெருக்குகின்றன. பால் குழாய்களும் அந்த நெருக்கத்தில் விறைத்து நிற்கின்றன. எவ்வளவு விறைப்பு தெரியுமா? 1964-ஆம் ஆண்டில் பட்டரி, போட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரப்பர் மரப் பட்டையின் அழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 8 முதல் 15 மடங்கு காற்று மண்டல அழுத்தம் அங்கே இருந்தது. ஒரு காரின் டயருக்கு நாம் அடிக்கும் காற்று சுமார் 2 மடங்குதான். கார் டயரைவிடப் பல மடங்கு விறைப்பான குழாயில் உங்கள் உளி படுகிறது! பால் பீறிட்டு வருவதில் வியப்பென்ன?

வெயில் ஏறியதும் இலைத் துளைகள் திறக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகிறது. மரத்தின் உச்சி, பட்டையிலுள்ள தண்ணீரையும் மேலே இழுக்கிறது. பானைகள் குறைகின்றன, நெருக்கம் தளர்கிறது, பாலும் தளர்கிறது. பத்து மணிக்கு வெட்டினால் வாளி நிறையாது என்று தண்டல் கத்தியது அவருடைய கோபத்தினால் மட்டும் அல்ல. மரத்தின் கணக்கும் அதுதான்.

பாலுக்குள் மிதக்கும் பைகள்

அடுத்த கேள்வி: பாலை நிறுத்துவது யார்?

வெட்டிய பாலில் ரப்பர் சுமார் மூன்றில் ஒரு பங்கு. பெரும்பகுதி தண்ணீர். இவற்றோடு மூன்றாவதாக ஒரு பொருளும் மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சில நூறு அடுக்கக்கூடிய அளவுள்ள நுண்ணிய பைகள் அவை. ‘லூட்டாய்டு’ என்று பெயர். பாலின் கொள்ளளவில் 10 முதல் 20 விழுக்காடு இவைதான். இவையும் ஒரு வகைச் சாற்றுப்பைகளே. மற்ற உயிரணுவில் ஒரே பெரிய பானை. பால் குழாயில் ஆயிரமாயிரம் சின்னக் கலயங்கள்!

இந்தக் கலயங்களுக்குள் இருப்பது புளிப்பான சாறு. அதில் மெக்னீசியம், கால்சியம் போன்ற உப்புகளும், ‘ஹெவின்’ என்ற புரதமும் அடைந்து கிடக்கின்றன. வெளியே மிதக்கும் ரப்பர்த் துகள்களோ ஒன்றையொன்று தள்ளிவிடும் மின்தன்மை கொண்டவை. அந்தத் தள்ளுதல் இருக்கும்வரை பால் பாலாகவே ஓடும்.

உளி பட்டதும் என்ன நடக்கிறது? குழாயின் அழுத்தம் சட்டென்று விழுகிறது. பால் வேகமாக ஓடும் உரசலில் பல கலயங்கள் கிழிகின்றன. பக்கத்து உயிரணுக்களிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. கலயங்கள் அந்தத் தண்ணீரை உறிஞ்சி, உப்பி, வெடிக்கின்றன. உள்ளே இருந்த புளிப்பும் உப்பும் ஹெவினும் வெளியே கொட்டுகின்றன. தள்ளிக்கொண்டிருந்த ரப்பர்த் துகள்கள் இப்போது ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் வாயில் சின்னச் சின்ன அடைப்புகள் விழுகின்றன. சொட்டுகள் இடைவெளி விட்டு, மெல்ல நின்றுவிடுகின்றன.

நம் கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து காயத்தை அடைப்பதைப் போலவே மரமும் தன் காயத்தை அடைத்துக்கொள்கிறது. நமக்குப் பால் வருமானம். மரத்துக்கு அது காயத்தில் போடும் மருந்து. அடுத்த வெட்டில் ஒட்டுப்பாலை உரித்து, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவுகிறீர்களே, அப்போது அடைபட்ட நுனிகள் நீங்கிக் குழாய்கள் மறுபடியும் திறக்கின்றன.

மங்கில் தங்கிய பால் தானாகக் கட்டியாவதிலும் இந்தக் கலயங்களுக்குப் பங்கு உண்டு. உடைந்த கலயங்களின் சாறும், காற்றிலிருந்து விழும் கிருமிகள் உண்டாக்கும் புளிப்பும் சேர்ந்து பாலைத் திரிக்கின்றன. ஸ்டோரில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றிச் செய்ததும் இதே வேலைதான். அம்மோனியா ஊற்றினால் பால் கெடாமல் நிற்பது, அது புளிப்புக்கு நேர் எதிரி என்பதால்.

பேராசை பட்டால்?

பாலின் ஓட்டத்தை நீட்டிக்க ஒரு மருந்து உண்டு. ‘எத்தபோன்’ என்று பெயர். 1970-களிலிருந்து தோட்டங்களில் பரவலாகப் பூசப்பட்டது. பட்டையில் பூசினால் அதிலிருந்து எத்திலின் என்ற வாயு வெளிப்படும். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். அது பட்ட மரத்தில் கலயங்கள் எளிதில் உடைவதில்லை, அடைப்பு தாமதமாகிறது, பால் நெடுநேரம் ஓடுகிறது.

நல்லதுதானே என்கிறீர்களா? அளவோடு இருந்தால் நல்லது. மருந்தை அடிக்கடி பூசி, நாள் விடாமல் வெட்டி, மரம் திரும்பப் பால் ஊற இடைவெளி கொடுக்காவிட்டால், பட்டை வறண்டு போகும் நோய் வருகிறது. வெட்டின் ஒரு பகுதியில் பால் வராது; பிறகு முழு வெட்டும் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட மரத்தின் பட்டைக்குள் பார்த்தால், கலயங்கள் குழாய்க்குள்ளேயே உடைந்து, பால் உள்ளேயே கட்டியாகிக் கிடக்கிறது. வெளிக்காயத்தை அடைக்க வேண்டிய மருந்து உள்ளேயே கொட்டிவிட்டது!

எடை பார்த்துச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது வெறும் பாடம் அல்ல. காய்ந்த மரங்கள் நிறைந்த நிரை கிடைத்தவர், மற்றவர் நடந்த அத்தனை தூரமும் நடந்து, பாதி வாளியோடு திரும்பியிருக்கிறார். அது அவர் சோம்பலால் வந்த குறைவு அல்ல. இன்று சொந்தமாகச் சில ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மரத்துக்கு ஓய்வு கொடுப்பது சோம்பல் அல்ல. நாளைய பாலுக்குப் போடும் முதலீடு.

சமையலறையிலும் வேலியோரத்திலும்

சாற்றுப்பையைப் பார்க்க ரப்பர்க் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எலுமிச்சையின் புளிப்பு அதன் சாற்றுப்பைகளில் இருக்கிறது. சேப்பங்கிழங்கு நாக்கை அரிப்பதற்குக் காரணம், அதன் சில உயிரணுக்களின் சாற்றுப்பையில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் ஊசிப் படிகங்கள். தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கும் பன்றிக்கும் எதிராக அந்தச் செடி வைத்திருக்கும் ஆயுதக் கிடங்கு அது.

நீலச் சங்குப்பூவின் நிறமும் சாற்றுப்பையில் கரைந்த நிறமே. கிளந்தான் மக்கள் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுவது இந்தப் பூவைக் கொண்டுதான். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் காட்டுங்கள். நாலைந்து சங்குப்பூவைச் சுடுநீரில் போடுங்கள். வெப்பத்தில் சாற்றுப்பைகள் உடைந்து தண்ணீர் நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விடுங்கள். நீலம் ஊதாவாக மாறும்! புளிப்பு கூடினால் நிறம் மாறும் என்பதைப் பிள்ளை ஒரு நாளும் மறக்காது.

வேலியோரத்துத் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுப் பாருங்கள். இலையடியில் ஒரு சின்னத் தடிப்பு இருக்கும். தொட்டதும் அந்தத் தடிப்பின் கீழ்ப்பக்கத்து உயிரணுக்களின் பானைகளிலிருந்து உப்பும் தண்ணீரும் வெளியே பாய்கின்றன. விறைப்பு போய் இலை தொங்குகிறது. சற்று நேரத்தில் தண்ணீர் திரும்புகிறது, இலையும் நிமிர்கிறது. நரம்பும் தசையும் இல்லாமல் ஒரு செடி அசைவது இப்படித்தான்.

பட்டினி கிடந்த ஈஸ்ட் சொன்ன பாடம்

செடிக்கு மட்டும்தானா சாற்றுப்பை? இல்லை. பூசணத்துக்கும் உண்டு. ரப்பர் வேரைத் தின்னும் வெள்ளை வேர் நோய், மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவும் ஒரு பூசணத்தால் வருவது. பொதுவாகப் பூசண நூலின் பழைய பகுதிகளைச் சாற்றுப்பைகள் பெருத்து நிரப்பிக்கொள்கின்றன. உயிர்ச்சத்து முழுவதும் வளரும் நுனிக்கு நகர்ந்துவிடுகிறது. கையில் இருக்கும் கொஞ்சப் பொருளை வைத்தே நெடுந்தூரம் ஊர்ந்து போகும் உபாயம் இது.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டும் பூசண இனமே. அதன் சாற்றுப்பை சாதாரண நுண்பெருக்காடியிலேயே தெரியும். 1988-ஆம் ஆண்டில் ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். சாற்றுப்பையில் பொருளைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்து, அதற்கு உணவு கொடுக்காமல் பட்டினி போட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் சாற்றுப்பைக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் நிறைந்துவிட்டன. அவை என்ன? ஈஸ்ட் தன் உடம்பிலேயே தேவைப்படாத பகுதிகளைப் பொட்டலம் கட்டிச் சாற்றுப்பைக்கு அனுப்பியிருந்தது. அங்கே அவை சிதைந்து புதிய பொருளாக வேண்டியவை. நொதி இல்லாததால் அப்படியே தேங்கி நின்றன.

பழைய பாவாடையைக் கிழித்துக் குழந்தைக்குச் சட்டை தைத்த தாய்மாருக்கு இது புதிய செய்தி அல்ல! ஆனால் உயிரணுவும் அப்படிச் செய்கிறது என்பதற்குத் தெளிவான வழியைக் காட்டியது அந்த ஈஸ்ட்தான். மனித உயிரணுவிலும் இதே வேலை நடக்கிறது. நம்மிடம் பெரிய சாற்றுப்பை இல்லை, அதே வேலையைச் செய்யும் சிறிய பைகள் இருக்கின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2016-இல் ஓசுமிக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

காய்ச்சலின் வயிறு

கடைசியாக, நம் முன்னோரின் உயிரோடு விளையாடிய ஒரு பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில், காட்டை அழித்த கையோடு வந்து மோதியது மலேரியாக் காய்ச்சல். எத்தனை குடும்பங்கள் கப்பலை விட்டு இறங்கிய சில மாதங்களில் அதற்குப் பலியாயின! 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவைக் குறைத்துக் காட்டினார். அது பலருடைய உயிரைக் காத்தது.

மலேரியாக் கிருமி ஓர் உயிரணு மட்டுமே கொண்டது. அது நம் இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, அங்குள்ள சிவப்புப் பொருளைத் தின்கிறது. தின்றதைச் செரிக்க அதற்கு ஓர் உணவுப்பை இருக்கிறது. அதுவும் ஒரு வாக்குவோல்தான். செரித்தபின் மிஞ்சும் இரும்புச் சத்துள்ள கழிவு கிருமிக்கே நஞ்சு. ஆகவே அதைப் பழுப்பு நிறப் படிகமாக்கி அந்தப் பைக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறது. குளோரோகுவின் மாத்திரை இந்தப் பையில் போய்ச் சேர்ந்து, படிகமாவதைத் தடுத்தது. தன் கழிவினாலேயே கிருமி செத்தது. 1950-களின் இறுதியில் தாய்லாந்து-கம்போடிய எல்லைப் பகுதியில், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. மருந்தைப் பையிலிருந்து வெளியே தள்ளிவிடும் வித்தையை அவை கற்றுக்கொண்டிருந்தன. அதனால் இன்று வேறு கூட்டு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் தொற்றவில்லை என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் ‘நோலெசி’ மலேரியா இன்னும் இருக்கிறது. காட்டோரத்திலும் தோட்டத்திலும் வேலை செய்பவருக்குக் குளிர் காய்ச்சல் கண்டால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லி, இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

வாசகர்களே, விடியலில் வாளியை நிறைத்ததும், மரத்தின் காயத்தை அடைத்ததும், ஈஸ்டைப் பட்டினியில் காத்ததும், காய்ச்சல் கிருமிக்கு வயிறாக இருந்ததும் இந்த ‘வெற்றிடம்’தான். உங்கள் பிள்ளை அடுத்த முறை உயிரணுப் படம் வரைந்து, நடுவே ஒரு பெரிய வட்டம் போட்டு, “இதில் ஒன்றும் இல்லையம்மா” என்று சொன்னால், அருகில் உட்காருங்கள். விடியற்காலையில் ஏன் பால் வெட்டினோம் என்ற கதையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடத் தகுந்த ஆசிரியர் யார்?